மூணாம் நாள் மாந்தோப்பு

வாங்க சிஸ்டர், வாங்க. செருப்பை உள்ளயே கழட்டிப் போடுங்க, வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். அத்தை முழிச்சுத்தான் இருக்காக.

யாரு, மயிலா? மயிலு இல்ல சிஸ்டர். பழனிக்கு நடந்து போயிருக்கா. இன்னைக்கு நாலாவது நாள். இந்நேரம் கோபால்பட்டி தாண்டியிருப்பா.

நான் அவளோட ஓரகத்தி. இந்த வீட்டு மூத்த மருமக. சௌந்தரம்னு பேரு. என்னையப் பாத்ததே இல்லையா? மாசம் ரெண்டு தடவை வர்றீங்க, ஒருக்காக்கூடவா பாக்கல? அது ஒண்ணுமில்ல, நீங்க வர்ற நேரத்துக்கு நான் அடுப்படியில இருப்பேன். இல்லேன்னா எங்க வீட்டுக்காரருக்குக் கடைக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போயிருப்பேன். மத்தபடி அத்தையை ரெண்டு பேரும் சேந்துதான் பாக்குறோம். பாதிப் பாதி.

துணியா? புண்ணுக்குக் கீழ போடுற துணிதானே? இருங்க, எடுத்தாறேன். இந்த அலமாரியிலதான் வச்சிருப்பா. இல்லையே. மேல் தட்டுல இருக்கும். அங்கயும் இல்ல. நீங்களே சொல்லுங்க, எங்க இருக்கு? கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டியா? ஆமா, இருக்கு. பாருங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

செவந்திருக்கா? எங்க? இடுப்புகிட்டயா? போன தடவை இல்லையா அது? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பித்தான் சிஸ்டர் போடுறேன். மயிலு சொல்லிட்டுத்தான் போனா. ரெண்டு மணிக்கு ஒருதடவை. சில நேரம் மூணு ஆயிருது. நேத்து மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன், நாலு மணி நேரம் ஆயிருச்சு. உண்மையைச் சொல்லணும்ல. இவ்வளவு கனமா இருப்பாகன்னு எனக்குத் தெரியாது. பாத்தா எலும்பும் தோலுமாத்தானே இருக்காக.

வாதம் வந்து மூணு வருசம். வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. காது மட்டும் நல்லாக் கேக்கும். நாம பேசுறது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. கேக்கட்டும். அவுகளுக்குத் தெரியாததா? அன்னைக்கு இந்தக் கட்டில்லதானே கெடந்தாக.

எப்பவும் நான்தான் சிஸ்டர் பழனிக்குப் போவேன். பதினோரு வருசம் போயிருக்கேன். காரைக்குடியிலேருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. ஏழு நாளு. எங்க வைரவன் அண்ணன்தான் குருசாமி, அவரு கூட்டத்துல முப்பத்தஞ்சு பேரு. எனக்குத் துணை பாக்கியம் டீச்சர். அவுகளும் நானும் சேந்து நடந்தா நேரம் போறதே தெரியாது.

பக்திதான். இல்லேன்னு சொல்லல. ஆனா உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஏழு நாள் அடுப்பு இல்ல. அதுதான். கண்ணாலம் ஆகி முப்பத்தி மூணு வருசத்துல எனக்கு யாராச்சும் ஒரு காபியைக் கையில குடுத்துக் குடிங்கன்னு சொன்னதுன்னா அது அந்த ரோட்டுலதான். வீட்டுல 'என் சட்டை எங்க, சாவி எங்க, உப்புப் போட்டியா இல்லையா'ம்பாக. அங்க 'சாமி, மோர் குடிங்க சாமி. சாமி, இங்கிட்டு உக்காருங்க.' நான் சாமி! வழியெல்லாம் பந்தல் போட்டிருப்பாக. சுக்குக் காபி ஒரு ஊரு, எலுமிச்சஞ்சாதம் ஒரு ஊரு, காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுறதுக்குன்னே ஒரு ஊரு. வெயில் ஏறிட்டா நமக்குக் கால் சுடும்னு குடத்துல தண்ணி கொண்டாந்து தார் ரோட்டுல ஊத்துவாக. ஒரு ஊருல ஆளு தெரியாது, பேரு தெரியாது, நமக்காக ரோட்டை நனைச்சு வைக்குறாக. அதெல்லாம் நடந்தாத்தான் தெரியும்.

விடியக்காலையில நாலு மணிக்குக் கெளம்பிருவோம். சிங்கம்புணரி தாண்டினா பனியில பக்கத்துல வர்ற ஆளு தெரியாது, 'அரோகரா'ங்குற சத்தம் மட்டும் முன்னாடி போகும். அதைப் புடிச்சுக்கிட்டுப் போகணும். மூணாம் நாளுதான் கஷ்டம். ரெண்டு நாள் நடந்த வலி எல்லாம் மூணாம் நாள்தான் எந்திரிச்சு நிக்கும். அதைத் தாண்டிட்டா காலு நம்ம காலே இல்ல, அது பாட்டுக்குப் போகும்.

போன வருசம் மார்கழி கடைசியில, மாலை போடுறதுக்கு முன்னாடி, மயிலு எங்கிட்ட வந்து கேட்டா. வாசல்ல அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தேன். வந்து நின்னா. அவளுக்கு ஒண்ணு கேக்கணும்னா நேரா கேக்கத் தெரியாது. முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு, "அக்கா, இந்த வருசம் நடைக்கு நான் போயிட்டு வரட்டுமா? அத்தையை நீங்க பாத்துக்குறீங்களா?"ன்னா.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அவ கேட்டதுல தப்பு ஒண்ணுமில்ல. என் கொழுந்தன் சிங்கப்பூர்ல இருக்காரு, ரெண்டு வருசத்துக்கு ஒருதடவை வருவாரு. அவளும் எங்கயும் போறவ இல்ல. அவ பொண்ணு அப்ப பிளஸ் டூ. ஆனா அந்த ஏழு நாளை விடுறதுக்கு எனக்கு மனசு வரல. டக்குன்னு வாய்ல வந்துச்சு: "இல்லடி, இந்த வருசம் உனக்காகத்தான் வேண்டியிருக்கேன். உம் பொண்ணு நல்ல மார்க்கு எடுக்கணும்னு. வேண்டிக்கிட்டவ நடக்காம இருக்கக்கூடாதுல்ல."

அவ மொகம் அப்படியே மலந்துருச்சு சிஸ்டர். என் கையைப் புடிச்சுக்கிட்டு, "எனக்காகவாக்கா?"ன்னா.

"உனக்காகத்தான். அடுத்த வருசம் நீ போ, நான் இருக்கேன்"னு சொன்னேன்.

அப்படி ஒரு வேண்டுதலே இல்ல. போய் நடக்குறப்பவாச்சும் வேண்டிக்கணும்னு நெனச்சேன். அதுவும் மறந்துபோச்சு. ஆனா அந்தப் புள்ள நல்ல மார்க்குத்தான் எடுத்துச்சு, இப்பத் திருச்சியில ஹாஸ்டல்ல இருந்து படிக்குது.

நான் மயிலை வேத்தாளா நெனச்சதே இல்ல. என் கூடப்பொறந்தவ மாதிரி. எனக்கு எடுக்குற சேலையில நெறம் புடிக்கலேன்னா அவளுக்குத்தான் குடுப்பேன்.

அவ அப்பா மணமேல்குடி. தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பொங்கலுக்கு முன்னாடி சீரு கொண்டாருவாரு, கரும்புக் கட்டை பஸ்ஸு மேல போட்டுக்கிட்டு. வந்தா ரெண்டு பொட்டலம் எடுப்பாரு. ஒண்ணு மகளுக்கு. இன்னொண்ணு எனக்கு. நெத்திலிக் கருவாடு. "மூத்தவுகளுக்குப் புடிக்கும்னு மயிலு சொல்லுச்சு"ன்னு கூச்சப்பட்டுக்கிட்டே நீட்டுவாரு. ஒரு வருசம் தவறுனதில்ல. எங்க அப்பாகூட எனக்குன்னு தனியா எதுவும் வாங்கியாந்ததில்ல. நாங்க அஞ்சு பொண்ணு.

அவருதான் செத்துப்போனாரு. போன வருசம், நான் நடந்துக்கிட்டு இருந்தப்ப.

நான் நடையில நாலாவது நாள்ல இருந்தேன். அதுக்கு முந்துன நாளே அவருக்கு முடியாமப் போயி மயிலு எனக்குப் போன் பண்ணியிருக்கா. எனக்குத் தெரியாது. போன்ல சார்ஜ் இல்ல. நடையில எங்க போய் சார்ஜ் போடுறது? மண்டபத்துல ஒரு பிளக்கு இருக்கும், அதுல பத்து போனு தொங்கும். அப்படித்தான் ஆயிருச்சு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

தண்ணி வேணுமா? சூடா? இந்தா வர்றேன்.

ஆறிப்போச்சு கொஞ்சம், போதுமா?

சிஸ்டர், சார்ஜ் இருந்துச்சு.

ஒரு வருசமா எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லி வாய்ல அதுவா வந்துருது. சார்ஜ் இருந்துச்சு. எம் மகன் சென்னையிலேருந்து வாங்கிக் குடுத்த போனு, ரெண்டு நாளைக்கு நிக்கும்.

மூணாம் நாளு. காலையில ஒரு கிராமத்துல, சமுத்திராப்பட்டிக்கு இங்கிட்டு, வரிசையா பொம்பளைக குடத்தோட நின்னாக. மஞ்சத் தண்ணி. ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், என் காலுல ஊத்தி, குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் பதறிப்போயி, "வேணாம்மா"ங்குறேன். "நடக்குற காலு சாமி காலுங்க. எனக்கு முட்டி தேஞ்சு போச்சு, எனக்கும் சேத்து நடங்க"ன்னா. எனக்கு அழுகை வந்துருச்சு. எம் மேல எனக்கே ஒரு மதிப்பு வந்துச்சு அன்னைக்கு.

அப்புறம் நத்தத்துக்கு முன்னாடி ஒரு மாந்தோப்பு. வருசா வருசம் மத்தியானச் சாப்பாடு அங்கதான். பூ விட்டிருந்துச்சு, தோப்பு பூரா அந்த வாசம். போனதும் படுத்துட்டோம். பாக்கியம் டீச்சர் தன் காலைத் தூக்கி மரத்துல சாத்தி வச்சுக்கிட்டு, "சௌந்தரம், நாம இப்படியே நடந்துக்கிட்டே இருந்தா என்ன?"ன்னாக. சிரிச்சோம். பதினோரு மணி, பதினொன்னேகால் இருக்கும். எம் மகனுக்கு ஒரு போட்டோ அனுப்பலாம்னு போனை எடுத்தேன்.

மயிலுகிட்டேருந்து ஏழு தடவை போன் வந்திருந்துச்சு. நடக்குறப்ப மடியில வச்சிருந்தேன், சத்தத்தைக் கொறச்சு வச்சிருந்தேன், கேக்கல. அது நெசம். அது மட்டும் நெசம். அதுக்குக் கீழ வாட்ஸ்அப்புல ஒரு வாய்ஸ் போட்டிருந்தா.

காதுல வச்சுக் கேட்டேன்.

"அக்கா, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துருச்சாம். தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்காக. பேச்சு இருக்கு, மயிலு வந்துட்டாளா வந்துட்டாளான்னு கேக்குறாராம். கடைக்குப் போன் பண்ணி மாமாகிட்டக் கேட்டேன், அத்தையைத் தொடச்சுவிட, துணி மாத்தத் தனக்கு முடியாதுன்னுட்டாக. எம் பொண்ணால ஒத்தையில அவுகளைத் தூக்க முடியாது. பக்கத்து வீட்டுலயும் நடைக்குப் போயிட்டாக. நீங்க நத்தத்துலேருந்து பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம்க்கா. நீங்க வந்ததும் நான் போயி ஒரு தடவை பாத்துட்டு ஓடியாந்துர்றேன். வேணா நீங்க மறுபடி பஸ் புடிச்சு வந்து கூட்டத்தோட சேந்துக்கங்க. அக்கா, கோவிச்சுக்காதீங்க."

அவ்வளவுதான். மனப்பாடமா இருக்கு எனக்கு. கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லி முடிக்குறா.

நான் என்ன நெனச்சேன்னா, நெஞ்சு வலின்னா இப்பல்லாம் என்ன, ஒரு ஊசி போட்டு ஒக்கார வச்சுருவாக. எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிக்கு வந்து, மூணாம் நாள் பைக் ஓட்டுனாரு. மயிலு எதுக்கும் பயப்படுறவ. பொண்ணுக்குக் காய்ச்சல்னாலே அழுவா. சாயங்காலம் பாத்துக்குவோம்னு நெனச்சேன். அப்புறம், பாதியில எறங்கிப் போனா நடை கணக்குல சேராதே, பஸ் ஏறுனா விரதம் என்னாகுறது. குருசாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா 'போங்கம்மா'ன்னு சொல்லிருவாருன்னு தெரியும். அதனால கேக்கல.

போனை ஆஃப் பண்ணுனேன்.

டீச்சர், "யாரு, வீட்டுலேருந்தா?"ன்னு கேட்டாக. "ஒண்ணுமில்ல, சார்ஜ் போச்சு"ன்னேன். அப்பத்தான் மொத தடவை சொன்னது.

சாயங்காலமும் ஆன் பண்ணல. மறுநாளும் பண்ணல. ஆன் பண்ணா என்ன இருக்குமோன்னு பயம். ஒவ்வொரு மைலுக்கும் பையில அந்தப் போனு கனத்துச்சு சிஸ்டர். நடந்தா காலுல வலி இருக்கும், தோளுல வலி இருக்கும், அதெல்லாம் பழகுனது. இது புதுசு. திண்டுக்கல்லுல யாரோ பானகம் குடுத்தாக, வாங்கி அப்படியே டீச்சர்கிட்டக் குடுத்துட்டேன். அப்பயும் ஆன் பண்ணல.

ஒட்டன்சத்திரத்துல வச்சு வைரவன் அண்ணன் போனுக்கே எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டாக. மணமேல்குடிக்காரரு போயிட்டாரு. நாலாம் நாள் காலையில பத்து மணிக்குப் போயிட்டாராம். என் நாத்தனா மதுரையிலேருந்து வந்து சேந்தப்ப அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு. அவகிட்ட அத்தையை ஒப்படைச்சுட்டு மயிலு பஸ் ஏறியிருக்கா. தஞ்சாவூருக்குப் பஸ் மாறுறப்பத்தான் விசயம் தெரிஞ்சிருக்கு. அப்பாவை வீட்டுக்குக் கொண்டாந்துட்டாக, நேரா வீட்டுக்கு வான்னு அவ தம்பி சொல்லியிருக்கான்.

வைரவன் அண்ணன், "போகணும்னா போங்கம்மா, வண்டி ஏத்திவிடுறேன்"ன்னாரு. நான் யோசிச்சேன். எனக்குத் தீட்டு இல்லையே, ஓரகத்தியோட அப்பாதானே. இன்னும் ஒரு நாளு. எடுத்தாச்சு, இனிமே நான் போயி என்ன ஆகப் போகுதுன்னு தோணுச்சு. நடந்தேன். மலை ஏறுனேன். கூட்டமே இல்ல அந்த நேரத்துல, அவ்வளவு நல்ல தரிசனம். பதினோரு வருசத்துல அப்படி ஒரு தரிசனம் பாத்ததில்ல. சந்நிதி முன்னாடி நின்னு ஒண்ணும் கேக்கத் தோணல. என் மூஞ்சியைப் பாக்குறானேன்னு இருந்துச்சு.

வந்ததும் மணமேல்குடிக்குத் துக்கத்துக்குப் போனேன். அவ அம்மா என்னையக் கட்டிக்கிட்டு அழுதாக. எல்லாருக்கும் முன்னாடி நான், "போன்ல சார்ஜ் இல்லாமப் போச்சே, தெரிஞ்சிருந்தா ஓடியாந்திருப்பேனே"ன்னு சொல்லி அழுதேன். அழுகை நெசமாத்தான் வந்துச்சு. மயிலு சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. என்னைய நிமிந்து பாத்தா. "சரிக்கா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்தா, அத்தையைப் பாத்தா, சமைச்சா, எனக்குத் தலை வலிச்சா தைலம் தேய்ச்சா. நான் குடுத்த பஞ்சாமிர்தத்தை வாங்கி சாமி அறையில வச்சா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நானும் திருப்பிப் பேசியிருப்பேன், சண்டையோட முடிஞ்சிருக்கும். ஒரு வருசம், அந்த 'சரிக்கா'வோட ஒரே வீட்டுல. அவ பக்கத்துல இருந்தா போனை எடுக்க எனக்குப் பயம். யாராச்சும் சார்ஜரைக் கேட்டாக்கூட அடுப்படிக்குள்ள போயிருவேன்.

இந்த வருசம் வைரவன் அண்ணன் பேரு எழுத வந்தாரு. நான் வாய் தொறக்குறதுக்குள்ள மயிலு உள்ளேருந்து வந்து, "அக்கா பேரை எழுதிக்கங்கண்ணே"ன்னா. அடுத்த வருசம் நீ போன்னு நான் சொன்னதுதானே. அவ அதைக் கேக்கவே இல்ல. நானும் சொல்லல. சொல்லணும்னு நெனச்சேன், அண்ணன் எழுதிட்டாரு.

கெளம்புறதுக்கு மொத நாள் சாயங்காலம். என் பச்சைச் சேலை ரெண்டையும் தொவச்சுத் தேய்ச்சு, பையில மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தா. தைலம், பஞ்சு, கொப்புளத்துக்கு ஊசி நூலு. எல்லாம் எடுத்து வச்சா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என்னால தாங்க முடியல. சொல்லிட்டா மனசு லேசாயிரும், லேசா நடக்கலாம்னு தோணுச்சு. அப்படித்தான் நெனச்சேன், பாத்துக்கங்க.

"மயிலு, போன வருசம் சார்ஜ் இருந்துச்சுடி. நீ பேசுனதை நான் கேட்டேன்"னு சொன்னேன்.

அவ கையி நிக்கல. சேலையை நீவிக்கிட்டே, "தெரியும்க்கா"ன்னா.

"எப்படித் தெரியும்?"

"நீங்க கேட்டா எனக்கு இங்க வாட்ஸ்அப்புல மைக்குப் படம் நீலமா மாறும். பதினொன்னு இருபதுக்கு மாறுச்சு."

எனக்கு அது தெரியாது சிஸ்டர். எம் மகன் சொல்லிக் குடுக்கல. ஒரு வருசமா நான் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், அவ போன்லயே அது இருந்திருக்கு.

அப்புறம்தான் அவ நிமிந்தா. "மாறுனதும் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமாக்கா? அக்கா கேட்டுட்டாக, கெளம்பிருவாகன்னு. பையை எடுத்து வச்சேன். அத்தைக்குக் கஞ்சி குடுத்து, துணி மாத்தி, நீங்க வந்ததும் கஷ்டப்படக்கூடாதுன்னு எல்லாம் பண்ணி வச்சுட்டு வாசல்ல போய் நின்னேன். நத்தம் பஸ்ஸு எல்லாம் முக்கு ரோட்டுலதானே திரும்பும். ஒவ்வொண்ணா பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் நின்னேன். உள்ள போறது, அத்தையைத் திருப்பிப் போடுறது, மறுபடி வந்து நிக்குறது."

நான் அழுதேன். அவ அழுகல. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்க்கா. அதைக் கேட்டதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?"ன்னா.

"என்ன பண்ணுனேன்... சாப்புட்டேன்"னேன்.

"என்ன சாப்பாடு?"

எனக்கு ஏன் பொய் சொல்ல வரலேன்னு தெரியல. "சாம்பார் சாதம். உருளைக்கெழங்கு. பாயசமும் போட்டாக."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு"ன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டா. இந்தா, அத்தை இங்க கெடந்து எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தாக. அவுக கண்ணுல தண்ணி ஓடுச்சு. இப்பவும் ஓடுது பாருங்க. நாலு நாளா என் கையால குடுத்தா ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குறாக. வாயை இறுக்கிக்கிர்றாக. மயிலு குடுத்தா ஒரு டம்ளர் கஞ்சி குடிப்பாக.

அப்புறம் மயிலு பையிலேருந்து என் சேலையை எடுத்துக் கட்டில்ல வச்சா. "இந்த வருசம் நான் போறேன்"னா. கோவமாச் சொல்லல. கடைக்குப் போறேங்குற மாதிரி சொன்னா. நான், "போ, நீதானே போகணும், நான்தான் போன வருசமே சொன்னேனே"ங்குறேன். இதைச் சொல்றப்பவே என் நாக்கு கூசுச்சு.

அவ பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொன்னா. தன் துணியை எடுத்து வச்சா. அப்புறம் ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லிக் குடுத்தா. எத்தனை மணிக்குத் திருப்பணும், எந்தப் பக்கம் தலகாணி குடுக்கணும், மாத்திரையை எப்படிப் பொடிக்கணும், சூடு எவ்வளவு இருக்கணும். அத்தை படுத்த மூணு வருசமும் இதே வீட்டுலதான் இருக்கேன், ஒண்ணொண்ணும் எனக்குப் புதுசா இருந்துச்சு. பாதிப் பாதின்னு உங்ககிட்டச் சொன்னேன்ல சிஸ்டர். அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

காலையில நான் எந்திரிக்கிறப்ப குளிச்சு, பச்சைச் சேலை கட்டி, திருநீறு பூசி நின்னா. அவளை அப்படிப் பாத்ததே இல்ல. உசரமாத் தெரிஞ்சா. வைரவன் அண்ணன் கூட்டம் தெரு முனையில நின்னு அரோகரா போட்டாக. அத்தைகிட்டப் போயி அவுக கையை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டா. எங்க வீட்டுக்காரருகிட்டத் தலையாட்டுனா. அப்புறம் வாசப்படியில நின்னு என்னையப் பாத்து, "போறேன்க்கா"ன்னா.

போறேன்னு சொன்னா சிஸ்டர். போயிட்டு வர்றேன்னு சொல்லல.

இத்தனை வருசத்துல பக்கத்துத் தெருவுக்குப் போனாக்கூட 'போயிட்டு வர்றேன்க்கா'ன்னு சொல்ற பொண்ணு அவ. நான் வாசல்லயே நின்னேன், திரும்பிப் பாத்துச் சொல்லுவாளான்னு. கூட்டம் முக்குல திரும்பிருச்சு.

பழனியிலேருந்து நேரா அவ அம்மாகிட்டப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அத்தையை யாரு பாப்பா? நான் அதுக்குச் சொல்லல, எனக்கு வேலையாயிருமேன்னு சொல்லல... இல்ல, அதுவும்தான்.

அவசரத்துல அப்படிச் சொல்றதுதானே சிஸ்டர்? கூட்டம் நிக்குது, விடியப்போகுது, வாய்ல அப்படி வந்திருக்கும். நீங்களும் சில நேரம் வீட்டுல அப்படிச் சொல்லிட்டுக் கெளம்பியிருப்பீங்கல்ல?

சொல்லுங்க சிஸ்டர். சொல்லியிருப்பீங்கல்ல?